ஒரே வயிறு, ஆறு ரிப்போர்ட்

என் கோப்பில் ஆறு காகிதங்கள் இருக்கின்றன. ஆறும் ஒரே வயிற்றைப் பற்றியவை. முதலாவது "எல்லாம் நார்மல்" என்கிறது. இரண்டாவது, சின்னதாக ஒரு கட்டி என்கிறது. மூன்றாவதும் நான்காவதும் அளவெடுத்து, எது எதோடு ஒட்டியிருக்கிறது என்று விவரமாகச் சொல்கின்றன. ஆனால் அவை இரண்டும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகவில்லை. ஐந்தாவது ஆபரேஷன் குறிப்பு. முன்னால் வந்தவற்றில் பாதியை அது ஆமோதிக்கிறது, சிலவற்றை மறுக்கிறது. ஆறாவது பயாப்ஸி. அது ஐந்தாவதையே ஓரிடத்தில் மறுக்கிறது.

ஆபரேஷன் முடிந்து வீட்டில் படுத்திருந்த நாட்களில் இந்த ஆறையும் கட்டிலில் பரப்பி வைத்து வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தேன். வேறு வேலையும் இல்லை. எண்டோமெட்ரியோசிஸ் இருக்குமோ என்ற சந்தேகத்தோடு ஸ்கேனுக்குப் போகிறவர்களுக்கு அந்த ஒப்பீடு உதவும் என்று தோன்றியது. நான் டாக்டர் இல்லை. பட்டதும், பட்ட பிறகு படித்ததும்தான் இது.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். கருப்பையின் உட்புறச் சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். இனப்பெருக்க வயதில் உள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 19 கோடிப் பேருக்கு இது இருக்கிறது என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு. இது மூன்று விதமாக வரும். சினைப்பைக்குள் பழைய ரத்தம் தேங்கி உருவாகும் "சாக்லேட் கட்டி" ஒன்று. திசுவுக்குள் 5 மில்லிமீட்டருக்கும் மேல் ஊடுருவி முடிச்சாக இறுகிப்போகும் ஆழமான வகை இன்னொன்று. வயிற்றறையின் உட்சவ்வின் மேல் பொட்டுப் பொட்டாகத் தெளித்தது போல இருக்கும் மேலோட்டமான வகை மூன்றாவது. ஒருவருக்கே மூன்றும் இருக்கலாம். எனக்கு இருந்தது. ஸ்கேன் ஒவ்வொன்றும் வேறு வேறு கதை சொன்னதற்கு இந்த மூன்று வகையும் ஒரு காரணம்.

முதல் ரிப்போர்ட் 22 வயதில் எடுத்தது. தண்ணீர் குடித்து, சிறுநீர்ப்பை முட்டும்வரை காத்திருந்து, வயிற்றின் மேல் ஜெல் தடவிப் பார்க்கிற ஸ்கேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கருப்பை நார்மல், சினைப்பைகள் நார்மல். டாக்டர் அதைப் படித்துவிட்டு, "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லம்மா. பீரியட்ஸ்னா கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்" என்றார். அம்மாவுக்கு நிம்மதி. எனக்குக் குழப்பம். ஒன்றும் இல்லையென்றால் மாதத்தில் இரண்டு நாள் குளியலறைத் தரையில் சுருண்டு கிடப்பது எதனால்?

அந்த ஒரு காகிதத்தால் ஏழு வருடம் போனது. வலிக்கிறது என்று யாரிடம் சொன்னாலும் "அதான் ஸ்கேன் எடுத்தாச்சே" என்ற பதில் தயாராக இருந்தது. கொஞ்ச நாளில் நானே எனக்கு அந்தப் பதிலைச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்துவிட்டேன்.

இன்று யோசித்தால் அந்த ஸ்கேன் பொய் சொல்லவில்லை. கருப்பையிலோ சினைப்பையிலோ பெரிய கட்டி இருக்கிறதா என்று அதைக் கேட்டார்கள், இல்லை என்றது. தோல், கொழுப்பு, குடல், குடலுக்குள் இருக்கும் காற்று எல்லாவற்றையும் தாண்டி வயிற்றின் மேலிருந்து பார்க்கும்போது, கருப்பைக்குப் பின்னால் ஒரு சென்டிமீட்டர் முடிச்சு ஒளிந்திருப்பது தெரியாது. "காணவில்லை" என்பதை நாங்கள் எல்லோரும் சேர்ந்து "இல்லை" என்று படித்துக்கொண்டோம்.

பிறப்புறுப்பு வழியாகக் கருவியை நுழைத்துப் பார்க்கும் உள்வழி ஸ்கேன் அப்போது யாரும் சொல்லவில்லை, உடலுறவு அனுபவம் இல்லாததால். இந்த நிலையில் இருக்கிறவர்களுக்கு வேறு வழியே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எம்ஆர்ஐ இருக்கிறது, மலக்குடல் வழியாகப் பார்க்கும் அல்ட்ராசவுண்டும் இருக்கிறது. வலி கடுமையாக இருந்தால் அவற்றைப் பற்றிக் கேட்கலாம் என்று எனக்கு யாராவது அன்று சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது, 29 வயதில். திருமணமாகி இரண்டு வருடம். இப்போது மாதவிடாய் நாட்களில் மலம் கழிக்கும்போதும் உயிர் போகிற வலி. ஆனால் அதை டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு "அடிவயிறு வலிக்குது" என்று மட்டும் சொன்னேன். அவரும் ஸ்கேன் படிவத்தில் "அடிவயிற்று வலி" என்று மட்டும் எழுதினார். இந்த முறை உள்வழி ஸ்கேன். வெளியே வரிசை நீண்டிருந்தது. கருவி பட்ட ஓரிடத்தில் துள்ளப் பார்த்தேன், ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தேன். ஸ்கேன் எடுக்கிறவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்ற நல்ல பிள்ளை எண்ணம். இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது. அந்தத் துள்ளல்தான் அன்றைய ஸ்கேனில் கிடைத்திருக்கக்கூடிய மிக முக்கியமான தகவல்.

ரிப்போர்ட்டில், இடது சினைப்பையில் 2.8 சென்டிமீட்டர் கட்டி, ரத்தக்கசிவால் வந்ததாக இருக்கலாம் என்று இருந்தது. "சின்னதுதான், தானா கரைஞ்சிடும்" என்றார் டாக்டர். அது தவறான பேச்சும் இல்லை. கருமுட்டை வெளியேறும்போது ரத்தம் கசிந்து உருவாகும் கட்டி, படத்தில் சாக்லேட் கட்டியைப் போலவே தெரியலாம். இரண்டையும் பிரித்துக் காட்டுவது காலம்தான். ரத்தக்கசிவுக் கட்டி சில வாரங்களில் சுருங்கி மறையும், சாக்லேட் கட்டி அப்படியே உட்கார்ந்திருக்கும். அதனால்தான் ரிப்போர்ட்டின் கடைசியில் சின்ன எழுத்தில், 6 முதல் 12 வாரங்களுக்குள் மறுபடி பார்க்கவும் என்று போட்டிருந்தது. அந்த வரியை நான் படித்தது இரண்டு வருடம் கழித்து.

இடையில் சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனையும் நடந்தது. கொஞ்சம் கூடுதலாக வந்தது. அம்மா கூகுளில் தேடிவிட்டுப் புற்றுநோய் என்று ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தார். அந்த எண் மாதவிடாய் நாட்களில்கூட ஏறும், வேறு பல காரணங்களுக்கும் ஏறும். எண்டோமெட்ரியோசிஸைக் கண்டுபிடிக்க அதை நம்ப வேண்டாம் என்று ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2022 வழிகாட்டுதல் சொல்கிறது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

மூன்றாவது ரிப்போர்ட்டில்தான் கதை மாறியது. புதிதாகப் பார்த்த டாக்டர் முதலில் கேட்டதே "மோஷன் போகும்போது வலிக்குமா? அதுவும் பீரியட்ஸ் நாட்கள்ல மட்டுமா?" என்பதுதான். ஒன்பது வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. உறவின்போது உள்ளே ஆழத்தில் வலிக்குமா, முதுகு இழுக்குமா, சிறுநீர் போகும்போது எப்படி என்று வரிசையாகக் கேட்டார். கையால் பரிசோதித்தார். பிறகு படிவத்தில் ஐந்து வரி எழுதினார். எண்டோமெட்ரியோசிஸ் சந்தேகம், மலக்குடலுக்கு முன்புறம் பார்க்கவும், சினைப்பை நகர்கிறதா பார்க்கவும், சிறுநீரகங்களையும் பார்க்கவும். இந்த நோயை அடிக்கடி பார்க்கிற ஒருவரிடம்தான் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று இடத்தையும் அவரே சொன்னார்.

அந்த ஸ்கேன் நாற்பது நிமிடம் ஆனது. கருவி அதே வகைக் கருவிதான். ஆனால் பார்த்த முறை வேறு. இப்படிப் பார்ப்பதற்கு ஐடியா என்ற சர்வதேச நிபுணர் குழு 2016-ல் நான்கு படிகள் வகுத்துக் கொடுத்திருக்கிறது என்று பிறகு படித்தேன். எனக்கு நடந்தது அப்படியே அதுதான்.

முதலில் கருப்பையும் சினைப்பைகளும். இடது சினைப்பையில் 4.1 சென்டிமீட்டர் கட்டி. உள்ளே முழுக்கச் சீரான சாம்பல் நிறம், உரசிய கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல. "இது சாக்லேட் கட்டி, இதுல சந்தேகம் கம்மி" என்றார். பிறகு கருவியின் நுனியால் ஒவ்வோர் இடமாக மெல்ல அழுத்திக்கொண்டே வந்தார். "வலிச்சா உடனே சொல்லுங்க. தாங்கிக்காதீங்க. நீங்க சொன்னாதான் எனக்குத் தெரியும்." இடது பின்புறத்தில் அழுத்தியபோது கத்திவிட்டேன். அந்த இடத்தையே பெரிதாக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். கருப்பையைப் பின்புறமாகப் பிணைத்துப் பிடித்திருக்கும் தசைநாரில் ஒரு முடிச்சு.

மூன்றாவது படிதான் எனக்கு ஆச்சரியம். ஒரு கையால் வயிற்றின் மேல் அழுத்தி, மறுகையால் கருவியைத் தள்ளினார். கருப்பையும் மலக்குடலும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போக வேண்டுமாம். எனக்கு இரண்டும் சேர்ந்தே அசைந்தன, கோந்து போட்டு ஒட்டியது போல. ஒட்டுதல் என்பது பெரும்பாலும் படத்தில் தனியாகத் தெரியாத பொருள். மெல்லிய படலம், நிறமும் கிடையாது. அசைத்துப் பார்த்தால்தான் பிடிபடும். வலப்பக்கச் சினைப்பை தள்ளியதும் நகர்ந்தது, இடப்பக்கம் கருப்பையின் முதுகில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது. கடைசியாக மலக்குடலின் முன்சுவரில் 1.6 சென்டிமீட்டர் முடிச்சு இருப்பதாகச் சொல்லி, இன்னும் உறுதிப்படுத்த எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். சிறுநீரகங்களையும் ஒரு நிமிடம் பார்த்தார். ஆழமான வகை சிறுநீர்க்குழாயை நெரித்தால், வலியே இல்லாமல் சிறுநீரகம் கெட்டுப்போகலாமாம். இந்த ஒரு நிமிடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இந்த இடத்தில் எண்களைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2016-ல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டது. 49 ஆய்வுகள், 4,807 பெண்கள். ஸ்கேன் சொன்னதையும் பிறகு ஆபரேஷனில் கண்டதையும் ஒப்பிட்டுப் பார்த்தவை அவை. சாக்லேட் கட்டி இருக்கிற 100 பேரில் 93 பேருக்கு உள்வழி ஸ்கேன் சரியாகக் கண்டுபிடிக்கிறது. கட்டி இல்லாத 100 பேரில் 96 பேருக்கு இல்லை என்று சரியாகச் சொல்கிறது. எம்ஆர்ஐக்கு அதே கணக்கு 95, 91. ஆக, சாக்லேட் கட்டி விஷயத்தில் இரண்டுமே நம்பலாம், எளிய ஸ்கேனே போதும்.

ஆழமான வகைக்கு வந்தால் நிலைமை சிக்கலாகிறது. நோய் இருக்கிற 100 பேரில் 79 பேரை உள்வழி ஸ்கேன் பிடிக்கிறது, இல்லாத 100 பேரில் 94 பேரை விடுவிக்கிறது. எம்ஆர்ஐ 94 பேரைப் பிடிக்கிறது, ஆனால் 77 பேரைத்தான் விடுவிக்கிறது. எம்ஆர்ஐ அதிகம் பார்க்கிறது, சில சமயம் இல்லாததையும் பார்க்கிறது. ஸ்கேன் கொஞ்சம் தவறவிடுகிறது, ஆனால் இருக்கிறது என்று சொன்னால் பெரும்பாலும் இருக்கிறது. மூன்று வகையையும் சேர்த்து, இடுப்புக்குள் எங்காவது எண்டோமெட்ரியோசிஸ் உண்டா என்று கேட்டால், உள்வழி ஸ்கேன் 100-க்கு 65 பேரைத்தான் கண்டுபிடிக்கிறது. மீதிப் பேரின் கையில் "நார்மல்" என்ற காகிதம் இருக்கும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை நோய்ச் சந்தேகம் பலமாக இருந்து ஆபரேஷன் வரை போன பெண்களை வைத்து, பழகிய கைகள் செய்தவை. ஆய்வுக்கு ஆய்வு எண்களும் நிறையவே மாறுகின்றன. நீண்ட வரிசைக்கு நடுவே பத்து நிமிடத்தில் எடுக்கிற ஸ்கேனுக்கு இந்த எண்களைப் பொருத்திப் பார்க்க முடியாது. என் இரண்டாவது ஸ்கேனையும் மூன்றாவதையும் அருகருகே வைத்தால் வித்தியாசம் இயந்திரத்தில் இல்லை. படிவத்தில் எழுதியிருந்த கேள்வியிலும் பார்த்தவரின் பழக்கத்திலும்தான் இருந்தது.

எம்ஆர்ஐ பற்றிச் சுருக்கமாக. சில மணி நேரம் சாப்பிடாமல் போகச் சொன்னார்கள். குடல் அசைந்தால் படம் கலங்கும், அதனால் அதை அமைதிப்படுத்த ஓர் ஊசி போட்டார்கள். சிறுநீர்ப்பை முழுக்க நிரம்பவும் கூடாது, காலியாகவும் இருக்கக் கூடாது. இடுக்கான குழாய், சத்தம், அரை மணி நேரத்துக்கும் மேலே. வலி இல்லை. கட்டியின் உள்ளே இருப்பது ரத்தமா கொழுப்பா என்று பிரிப்பதில் எம்ஆர்ஐ கெட்டிக்காரன். கொழுப்பின் வெளிச்சத்தை மட்டும் அணைத்துவிட்டு எடுக்கிற ஒரு படம் உண்டு. கொழுப்புக் கட்டியாக இருந்தால் அதில் இருண்டுவிடும், சாக்லேட் கட்டி பளிச்சென்றே இருக்கும். என்னுடையது பளிச்சென்று இருந்தது.

நான்காவது ரிப்போர்ட் சொன்னது: சாக்லேட் கட்டி உறுதி, இடது தசைநார் முடிச்சு உறுதி, மலக்குடல் முடிச்சு உறுதி, ஆனால் அளவு 2.3 சென்டிமீட்டர். கூடவே வலது தசைநாரும் தடித்திருக்கிறது. கடைசியில், நோய் எங்கே, எவ்வளவு என்று குறிக்கும் என்சியன் வகைப்பாட்டின்படி சில எழுத்துகளும் எண்களும். அதில் "சி2" என்றால் மலக்குடலில் 1 முதல் 3 சென்டிமீட்டர் அளவு என்று பொருள். புரியாத எழுத்தைப் பார்த்துப் பயந்து இரவெல்லாம் விழித்திருந்ததற்கு, மறுநாள் ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம்.

சரி, இவ்வளவும் தெரிந்தபின் ஆபரேஷன் தேவையா? எல்லோருக்கும் தேவையில்லை. முன்பெல்லாம் லேப்ராஸ்கோபி, அதாவது வயிற்றில் சின்னத் துளையிட்டுக் கேமராவை நுழைக்கும் ஆபரேஷன், செய்து கண்ணால் பார்த்தால்தான் நோயை உறுதி செய்ய முடியும் என்றார்கள். நான் மேலே சொன்ன 2022 வழிகாட்டுதல் அந்த நிலையை மாற்றிவிட்டது. ஸ்கேனில் தெரிந்தாலோ, அறிகுறிகள் பொருந்தினாலோ மாத்திரையைத் தொடங்கலாம். படத்தில் ஒன்றும் தெரியவில்லை, அல்லது மருந்து கேட்கவில்லை என்னும் போதுதான் கண்டுபிடிப்பதற்காக மட்டும் லேப்ராஸ்கோபி. நானும் ஹார்மோன் மாத்திரை எட்டு மாதம் சாப்பிட்டேன். மற்ற வலி குறைந்தது, மலக்குடல் வலி குறையவில்லை. அதனால் ஆபரேஷன் என்று முடிவானது.

முடிவான பிறகுதான் ஸ்கேனின் உண்மையான பயன் புரிந்தது. அதுவரை அது நோய்க்குப் பெயர் சொல்லும் கருவி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அறுக்கப் போகிறவருக்கு அது வரைபடம். மலக்குடலில் முடிச்சு என்று முன்கூட்டியே தெரிந்ததால், குடல் அறுவை நிபுணர் ஒருவரும் அன்று கூடவே இருந்தார். குடலைச் சுரண்டினால் போதுமா, ஒரு துண்டை வெட்ட வேண்டி வருமா, கொஞ்ச காலம் மலம் வெளியேற வயிற்றில் பை வைக்க நேருமா என்று எல்லாவற்றையும் முன்பே உட்கார வைத்துப் பேசினார்கள். பேசும்போது அழுகை வந்தது, ஆனாலும் மயக்கம் தெளிந்து எழுந்து கேட்பதைவிட அது மேல். ஒருவேளை என் இரண்டாவது ரிப்போர்ட்டை நம்பி "சின்னக் கட்டிதானே" என்று யாராவது திறந்திருந்தால், உள்ளே ஒட்டிக் கிடப்பதைப் பார்த்து அப்படியே மூடிவிட்டு வந்திருப்பார்கள். அப்புறம் இன்னொரு ஆபரேஷன். சினைப்பைக் கட்டியை எடுத்தால் கருமுட்டை இருப்பு குறையலாம் என்பதால் அதற்கான ஏஎம்ஹெச் ரத்தப் பரிசோதனையையும் முன்பே எடுத்து வைத்தோம்.

அறுவை நிபுணர் கேட்ட இன்னொரு விஷயம், ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்கள் வேண்டும் என்று. எம்ஆர்ஐ குறுந்தகட்டைக் கொடுத்திருந்தார்கள், நல்லவேளையாக வைத்திருந்தேன். அவரும் படம் படிக்கும் டாக்டரும் சேர்ந்து உட்கார்ந்து அதை மறுபடி பார்த்தார்கள்.

இனி ஐந்தாவது காகிதம். இடது சினைப்பைக் கட்டி, சொன்ன இடத்தில், சொன்ன அளவில். இடது தசைநார் முடிச்சு, சரி. மலக்குடல் கருப்பையோடு ஒட்டியிருந்தது, நாற்பது நிமிட ஸ்கேன் சொன்னபடியே. குடல் முடிச்சு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர், இரண்டு ரிப்போர்ட்டுக்கும் நடுவில். குடலை வெட்டாமல் சுரண்டியே எடுத்துவிட்டார்கள். எம்ஆர்ஐ தடித்திருக்கிறது என்ற வலது தசைநாரில் ஒன்றும் இல்லை, சாதாரணமாக இருந்தது. பிறகு எந்த ஸ்கேனும் சொல்லாத ஒன்று. சிறுநீர்ப்பைக்கு மேலேயும் வலது இடுப்புச் சுவரிலும் மேலோட்டமான பொட்டுகள், பல இடங்களில்.

"இதை ஏன் ரெண்டு ஸ்கேனும் பார்க்கல டாக்டர்?" என்று கேட்டேன். அவர் தன் சட்டையில் இருந்த ஒரு மைத்துளியைக் காட்டினார். "இதைத் தொட்டா தடிமன் தெரியுதா? ஸ்கேனுக்குத் தடிமன் வேணும்." எம்ஆர்ஐ படம் ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள துண்டு. ஒரு துண்டின் தடிமனைவிட மெல்லிய பொட்டு அதில் கரைந்துபோகும். ஆனால் அந்த மெல்லிய பொட்டுகளாலும் பெரிய வலி வரலாம். நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்கும் வலி எவ்வளவு என்பதற்கும் நேரடிக் கணக்கு கிடையாது. அப்படியானால் மேலோட்டமான வகை மட்டும் உள்ள ஒரு பெண், எவ்வளவு நல்ல ஸ்கேன் எடுத்தாலும் பெரும்பாலும் நார்மல் என்ற காகிதத்தோடுதான் வெளியே வருவாள். முதல் ஏழு வருடத்தில் நானே அந்தப் பெண்ணாக இருந்திருக்கலாம்.

ஆறாவது, பயாப்ஸி. ஐந்து துண்டுகள் அனுப்பினார்கள். நான்கில் எண்டோமெட்ரியோசிஸ். ஐந்தாவது, வலது இடுப்புச் சுவரில் இருந்து எடுத்தது, வெறும் தழும்புத் திசு என்று வந்தது. கண்ணால் பார்த்து, அனுபவமுள்ள கை வெட்டி எடுத்ததிலேயே ஒன்று தப்பு. இதைப் படித்தபோது எனக்கு ஏனோ ஓர் ஆறுதல் வந்தது. அத்தனை வருடம் ஸ்கேனைத் திட்டிக்கொண்டிருந்தேன். நேரில் பார்க்கிற கண்ணுக்கே இவ்வளவுதான் என்றால் அதைத் திட்டி என்ன?

மறுபடி முதலிலிருந்து தொடங்க முடிந்தால் என்ன செய்வேன் என்று தோழி ஒருத்தி கேட்டாள். ஸ்கேன் படிவத்தைக் கையில் வாங்கியதும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பேன். "வயிற்று வலி" என்று மட்டும் இருந்தால், எந்த நாளில், எதைச் செய்யும்போது, எந்தப் பக்கம் என்பதையும் சேர்க்கச் சொல்வேன். கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுவேன். ஸ்கேன் அறையில் கத்துவேன். இந்த நோயைத் தேடிப் பார்க்கிற பழக்கம் உண்டா என்று முன்பதிவு செய்யும்போதே கேட்பேன், அதில் அவமரியாதை ஒன்றும் இல்லை. ரிப்போர்ட்டில் சினைப்பை நகர்கிறதா, மலக்குடல் வழுக்குகிறதா என்ற வார்த்தைகள் இருக்கின்றனவா என்று தேடுவேன். அவை இல்லையென்றால் அதைப் பார்க்கவே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன். கடைசி வரியில் உள்ள சின்ன எழுத்தையும் படிப்பேன். மாதவிடாய் முடியட்டும் என்று ஸ்கேனைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்க மாட்டேன். சாக்லேட் கட்டியும் ஆழமான முடிச்சும் எந்த நாளில் பார்த்தாலும் அங்கேயேதான் இருக்கும்.

ஆபரேஷன் முடிந்து பதினாலு மாதம் ஆகிறது. போன மாதம் அதே இடத்தில், அதே டாக்டரிடம் மறு ஸ்கேன். வயிற்றில் கை வைத்து அழுத்தி, கருவியைத் தள்ளி, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கருப்பைக்குப் பின்னால் மலக்குடல் வழுக்கிக்கொண்டு போனது. இடது சினைப்பையும் நகர்ந்தது. "எல்லாம் நார்மல்" என்று எழுதினார். எனக்கு இன்னும் மாதத்தில் ஒரு நாள், சில மாதம் இரண்டு நாள் வலிக்கிறது, முன்பு போல இல்லை, தாங்குகிற வலி. அதையும் சொன்னேன். அவர் அந்த வார்த்தைக்குக் கீழே, வலி தொடர்வதையும் மேலோட்டமான வகையை இந்த ஸ்கேனால் மறுக்க முடியாது என்பதையும் இன்னொரு வரியாகச் சேர்த்தார். கோப்பில் அதை ஏழாவதாக வைத்திருக்கிறேன்.